வார்டில் இருக்கும் குழந்தையிடம் எப்படிக் கேட்பது? ஆய்வு முறைகள் ஓர் ஒப்பீடு

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடோ, மருத்துவமனைத் தரக் குழுவின் அறிக்கையோ, மலைக் கிராமங்களில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தின் கள ஆய்வோ, எதுவானாலும் சரி. "குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரி எப்படி இருக்கிறது?" என்ற கேள்வி வந்ததும் கை தானாகக் கேள்வித்தாளுக்குத்தான் போகிறது. 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடை. தாயிடம் கொடுத்து டிக் வாங்கினால் சில வாரங்களில் 100 தாள் சேர்ந்துவிடும், அட்டவணையும் வந்துவிடும். ஆனால் அந்த அட்டவணையில் இருப்பது தாயின் கருத்து. குழந்தை அதற்குள் வரவே இல்லை.

வேறு என்னென்ன வழிகள் உண்டு, எது எந்த இடத்தில் உதவும், எங்கே காலை வாரும் என்று பார்ப்போம். ஒரே ஆய்வாளர், நான்கைந்து மாத அவகாசம், பெரிய பணம் கிடையாது என்ற நிலையில் சேலத்தில் ஆய்வு செய்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. ஆத்தூர், ஓமலூர், எடப்பாடிப் பிள்ளைகளும், ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் மலைப் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருப்பார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ பேசிவிட்டு வார்டில் தமிழுக்கு மாறுகிற குழந்தைகளும் உண்டு. எல்லாருக்கும் ஒரே கருவி என்று முடிவு செய்துவிட்டு உள்ளே போனால் பாதிப் பேரிடம் வேலை நடக்காது.

முதலில் வயது, அடுத்து கை

முறையைத் தேர்ந்துவிட்டுக் குழந்தையைத் தேடுவது தலைகீழ் வேலை. குழந்தையால் அந்த நேரத்தில் என்ன முடியும் என்பதுதான் முறையைத் தீர்மானிக்க வேண்டும்.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் கவனித்துப் பார்ப்பதைத் தவிர வேறு நேர்மையான வழி இல்லை. 3 முதல் 6 வரை பொம்மை, விளையாட்டு, படங்களைப் பிரித்து வைத்தல் ஆகியவை நடக்கும். 7 முதல் 11 வரை வரைந்துகொண்டே பேசலாம். 12-க்கு மேல் தனியாக உட்கார்ந்து பேசலாம், நாட்குறிப்பு எழுதச் சொல்லலாம், வாட்ஸ்அப் குரல் பதிவு அனுப்பச் சொல்லலாம். இந்த எல்லைகள் தோராயமானவை. பேச்சு தாமதமாக வந்த எட்டு வயதுக் குழந்தைக்கு ஐந்து வயதுக்கான முறைதான் பொருந்தும்.

வயதுக்கு அடுத்து உடம்பு. டிரிப்ஸ் ஏற்றும் வென்ஃபிளான் ஊசிக் குழாய் வலது கையில் குத்தியிருந்தால் வலக்கைக்காரக் குழந்தையால் கிரேயான் பிடிக்க முடியாது. ஆய்வுத் திட்டத்தில் யாரும் எழுதாத விஷயம் இது, வார்டில் முதல் நாளே முன்னால் வந்து நிற்கும். அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றோடு இருக்கும் குழந்தையிடம் பேச்சே வேண்டாம். காய்ச்சல் ஏறியிருந்தால் மருந்து வேலை செய்து இறங்கும்வரை பொறுக்க வேண்டும். மிடசோலம் போன்ற மயக்க மருந்து அதன் பிறகு நடந்தவற்றின் நினைவையே மங்கலாக்கிவிடும். ஆகவே சிறு அறுவை சிகிச்சையானாலும் ஒரு நாள் கழித்துப் பேசுவதே பாதுகாப்பு. அப்போதும் "ஆபரேஷன் ரூம்ல என்ன நடந்தது?" என்ற கேள்விக்கு வரும் பதிலில் எவ்வளவு நினைவு, எவ்வளவு மற்றவர்கள் சொல்லிக் கேட்டது என்று பிரிப்பது கடினம்.

மூன்றாவது, நேரம். காலை ரவுண்ட்ஸ் முடியும்வரை வார்டு உங்களுடையது அல்ல. பார்வையாளர் நேரத்தில் கட்டிலைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். இரண்டுக்கும் நடுவே, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரமும் தூங்கி எழுந்தபின் ஒரு மணி நேரமும் கிடைத்தால் பெரிது. ஒரு நாளைக்கு இரண்டு குழந்தைகள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேரை முடித்துவிடலாம் என்று திட்டம் போட்டால் கடைசி நான்கு பேரிடம் அவசரப்படுவீர்கள்.

கேள்வித்தாளும் முகப் படங்களும்

எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல வேண்டிய இடத்தில் கேள்வித்தாளுக்கு மாற்று இல்லை. "ஊசி போடும் முன் யாராவது சொன்னார்களா?" என்பதற்கு எத்தனை சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள் என்பதை 10 சதவீதப் புள்ளி முன்பின்னாக, 95% நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால் 96 பேர் வேண்டும். நடுவில் டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவர்களையும் சேர்த்து 110 பேரிடமாவது தொடங்க வேண்டும்.

சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, பதிலில் இருக்கிறது. 1980-இல் ஹியூஸ், கிரீவ் என்ற இரு ஆய்வாளர்கள் 5, 7 வயதுக் குழந்தைகளிடம் "பால் தண்ணீரைவிடப் பெரிதா?", "சிவப்பு மஞ்சளைவிடக் கனமா?" என்று அர்த்தமே இல்லாத கேள்விகளைக் கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் தயங்காமல் பதில் சொன்னார்கள். பெரியவர் கேட்டால் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும் என்பதுதான் காரணம். பின்னால் வந்த ஆய்வுகள், 'ஆமா, இல்ல' என்று பதில் வரும் கேள்விகளில்தான் இது அதிகம், 'என்ன, எங்கே, யார்' என்று தொடங்கும் கேள்விகளில் "தெரியாது" என்று சொல்லக் குழந்தைகளுக்கு எளிதாக இருக்கிறது என்று காட்டின. வாத்தியார் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லப் பழகிய நம் பிள்ளைகளிடம் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஐந்து புள்ளி அளவுகோலைச் சின்னக் குழந்தைகள் ஐந்தாகப் பயன்படுத்துவதில்லை. மேல் முனை, கீழ் முனை இரண்டில் ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். 8 வயதுக்குக் கீழே மூன்று புள்ளி போதும்.

முகப் படங்களில் எது என்பதும் முக்கியம். 1983-இல் வோங், பேக்கர் உருவாக்கிய அளவுகோலில் ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகத்தில் கண்ணீர் வழியும். வலி இல்லாவிட்டாலும் வீட்டு நினைப்பில் வாடியிருக்கும் குழந்தை சிரிக்கும் முகத்தைத் தொட மாட்டாது. வலியில் உயிர் போனாலும் அழாமல் இருக்கும் பையன் கண்ணீர் முகத்தைத் தொட மாட்டான். 2001-இல் திருத்தி வெளிவந்த இன்னொரு முக வலி அளவுகோலில் சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. முதல் முகம் சாதாரணமாக இருக்கும். வலியை மட்டும் அளக்க வேண்டுமானால் இதுதான் சரி. ஆனால் வலிக்கான முகங்களைக் காட்டி "சிஸ்டர் உன்கிட்ட எப்படிப் பேசினாங்க?" என்று கேட்கும் ஆய்வேடுகளும் வருகின்றன. அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

இதே வகைக் குழப்பம் பெட்ஸ்க்யூஎல் (PedsQL) என்ற, குழந்தைகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாள் விஷயத்திலும் உண்டு. அதன் பொதுப் பதிப்பில் 23 கேள்விகள்: உடல் 8, மனம் 5, பிறரோடு பழகுதல் 5, பள்ளி 5. நல்ல கருவிதான், உரிமம் பெற்றுப் பயன்படுத்தலாம். ஆனால் அது கடந்த ஒரு மாத வாழ்க்கைத் தரத்தை அளக்கிறது. மருத்துவமனையில் எப்படி நடத்தினார்கள் என்பதை அது கேட்பதே இல்லை. தயாராகக் கிடைக்கிறது என்பதற்காக அதை எடுத்துக்கொண்டு தலைப்பில் 'அனுபவம்' என்று போட்டால், வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

10 வயதுக்கு மேற்பட்டவர்களிடம், வேறொரு முறையில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகு, கேள்வித்தாளை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளலாம். முதல் கட்டமாக வேண்டாம்.

தாயிடம் கேட்பது

வார்டில் குழந்தையைப் பற்றி எதைக் கேட்டாலும் முதலில் பதில் சொல்வது தாய் அல்லது அம்மாயி. "அதுக்கு என்னங்க சொல்லத் தெரியும், நான் சொல்றேன் கேளுங்க" என்பது ஒரு அன்பான குறுக்கீடு. அவர்கள் சொல்வதைத் தள்ளக் கூடாது. சாப்பிட்டதா, தூங்கியதா, நடந்ததா என்பவற்றில் தாயின் பதிலும் குழந்தையின் பதிலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். பயம், வெட்கம், தனிமை என்று உள்ளே இருப்பவற்றுக்கு வந்தால் இரண்டும் விலகும் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு.

இன்னொரு காரணமும் உண்டு. குழந்தை இன்னும் அந்த வார்டில்தான் இருக்கிறது. குறை சொன்னால் கவனிப்பு குறைந்துவிடுமோ என்ற பயத்தில் தாய் "எல்லாம் நல்லா பாத்துக்கறாங்க" என்றுதான் சொல்வார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஒப்புதல் வரக் காத்திருக்கும் நாளில் கேட்டால் சந்தேகமே வேண்டாம். ஆகவே தாயிடம் கேட்பதை டிஸ்சார்ஜுக்குப் பின் வைப்பதே பலன் தரும். வீட்டுக்குப் போய் ஏழு முதல் பத்து நாள் கழித்து ஒரு போன் செய்தால் வார்டில் கிடைக்காத ஒன்று கிடைக்கும்: குழந்தை ராத்திரி திடுக்கிட்டு எழுகிறதா, தாயை விட்டு நகர மறுக்கிறதா, நின்றிருந்த படுக்கை ஈரம் மறுபடி வந்ததா. இதற்கென்றே 1966-இல் வெர்னன் குழுவினர் உருவாக்கிய 27 கேள்விப் பட்டியல் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. பெற்றோர்தான் பதில் சொல்ல வேண்டும், அது அப்படி வடிவமைக்கப்பட்டது. குழந்தைக்குப் பதிலாகத் தாய் என்று இல்லாமல், தாய்க்கு மட்டுமே தெரிந்ததைத் தாயிடம் கேட்பது என்பதால் இது சரியான பயன்பாடு.

நேரடிப் பேச்சு

12 வயதுக்கு மேலானவர்களுக்கு இதுவே சிறந்தது. கீழே உள்ளவர்களுக்கு இதை மட்டும் தனியாக நம்பக் கூடாது.

யார் பேசுவது என்பதில்தான் பாதி வெற்றி. அந்த வார்டில் ஊசி போடுகிற சிஸ்டரே தன் நோயாளியிடம் ஆய்வுக்காகப் பேசினால் "நல்லாருக்கு" என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. "சொன்னபடி கேக்கலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுருவேன்" என்று வீட்டில் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு வெள்ளைக் கோட்டு என்றாலே ஊசி. கோட்டு வேண்டாம், கழுத்தில் ஸ்டெத் வேண்டாம், கையில் டிரே வேண்டாம். மாணவச் செவிலியராக இருந்தால் பணி செய்யாத வார்டைத் தேர்ந்தெடுங்கள், சீருடை இல்லாமல் போங்கள். கட்டிலுக்கு மேலே நின்று பேசாமல் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். 'அக்கா', 'அண்ணா' என்று கூப்பிடும் இடத்தில் இருங்கள். 'மிஸ்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால் பேச்சு பரீட்சையாகிவிடும்.

7 வயதுக்கு 15 நிமிடம், 10 வயதுக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் போதும். "இங்க எப்படி இருக்கு கண்ணு?" என்பது கேள்வியே அல்ல, "நல்லாருக்கு" என்று வந்து நின்றுவிடும். நேரத்தையும் இடத்தையும் பிடித்துக் கேட்க வேண்டும்: "நேத்து ராத்திரி லைட் அணைச்சதுக்கு அப்புறம் என்ன சத்தம் கேட்டுச்சு?" "காலைல முதல்ல உன்கிட்ட வந்தது யாரு? என்ன பண்ணாங்க?" பிறகு மௌனம். பத்து விநாடி மௌனத்தைத் தாங்க முடியாமல் ஆய்வாளரே பதிலையும் எடுத்துக் கொடுப்பதுதான் பதிவுகளைக் கேட்கும்போது அடிக்கடி தெரியும் தவறு.

பதிவில் தலையாட்டல் விழாது. நம் பிள்ளைகளின் தலையாட்டல் ஆமாமா இல்லையா என்று நேரில் பார்த்தாலே குழப்பம். "தலையை ஆட்டுறியே, வேணாம்னு சொல்றியா?" என்று வாய்விட்டுச் சொல்லிப் பதிவாக்குங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே கருவியை வைக்காதீர்கள். மடித்த துண்டின்மேல், வாயிலிருந்து ஒரு அடிக்குள் வையுங்கள். இணையத்தில் தானாகச் சேமிக்கும் கைப்பேசியில் பதிவு செய்தால் குழந்தையின் குரல் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. தனிப் பதிவுக் கருவி நல்லது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க அமைதியான அறைப் பதிவுக்கே நாலைந்து மணி நேரம் ஆகும். வார்டுச் சத்தத்தோடு வந்த பதிவுக்கு அதைவிட அதிகம். 20 குழந்தைகளுக்கு எத்தனை மணி என்று இப்போதே பெருக்கிப் பாருங்கள்.

வரைந்துகொண்டே சொல்வது

7 முதல் 11 வயதுக்கு, ஒரே முறைதான் முடியும் என்றால், இதைத்தான் எடுக்க வேண்டும். கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, கைக்கு வேலை இருக்கிறது, அடுத்து என்ன பேசுவது என்பதைக் குழந்தையே முடிவு செய்கிறது. அந்தக் கட்டிலில் குழந்தை முடிவு செய்கிற வேறு விஷயம் ஒன்றும் பெரிதாக இருக்காது.

ஆனால் சும்மா "வரை" என்றால் என்ன வரும் என்று தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும்: இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு ஓட்டு வீடு, தென்னை மரம், ஆறு, நாலு பறவை. சேர்வராயன் மலையையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் அந்தப் பள்ளிக்கூட மலையைத்தான் வரையும். "ஆஸ்பத்திரியை வரை" என்றால் சிவப்புச் சிலுவை போட்ட பெட்டிக் கட்டடம் வரும். அதுவும் புத்தகப் படம்தான். சொல்லும் வாக்கியம் ஒரு கணத்தைச் சுட்ட வேண்டும்: "நீ இங்க வந்த அன்னிக்கு ராத்திரி படுத்திருந்த இடத்தை வரை. அங்க யார் யார் இருந்தாங்களோ அவங்களையும் போடு." மூன்று குழந்தைகளிடம் வெள்ளோட்டம் விடுங்கள். இருவருக்கு மலையும் சூரியனும் வந்தால் வாக்கியத்தை மாற்றுங்கள்.

பொருள்கள் எளியவை. ஏ4 தாள், பிளாஸ்டிக் பரீட்சை அட்டை, 12 நிறக் கிரேயான் பெட்டி. ஸ்கெட்ச் பேனா வேண்டாம், போர்வையில் பட்டால் தாய்க்கும் சிஸ்டருக்கும் சண்டை வரும். கிரேயான் பெட்டியை ஒரு கட்டிலிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோகக் கூடாது, தொற்று பரவும். ஆளுக்கொரு பெட்டி வாங்கிக் குழந்தைக்கே கொடுத்துவிடுங்கள். அதையும் பேச்சுக்கு முன்பே கொடுங்கள். பின்னால் கொடுத்தால் அது பதிலுக்கான பரிசு, பக்கத்துக் கட்டில் குழந்தை அதற்காகவே சம்மதிக்கும். பரீட்சை அட்டையை 70% ஆல்கஹாலால் துடைக்கலாம். துணிப் பொம்மைகளை அப்படித் துடைக்க முடியாது என்பதால் பொம்மை முறைக்கும் பிளாஸ்டிக் பொம்மைதான் வார்டுக்கு ஏற்றது.

பதிவுக் கருவியை வரையத் தொடங்கும்போதே ஓடவிடுங்கள். முக்கியமான பேச்சு வரையும்போதே வந்துவிடும், முடிந்தபின் "விளக்கு" என்றால் பாதி போயிருக்கும். "இது என்ன?" என்று கேட்டால் படம் சரியாக வரவில்லை என்று குழந்தை நினைக்கும். "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேளுங்கள்.

தாயின் கை ஒரு தனிப் பிரச்சினை. "அழகா வரை சாமி, அக்கா பாக்கறாங்கல்ல" என்று ஆரம்பித்து, சில நிமிடத்தில் கிரேயான் தாயின் கைக்குப் போய்விடும். தாய்க்கும் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து அதே கேள்விக்கு வரையச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. குழந்தை தனியாக விடப்படும், அதே இரவைப் பற்றிய இரண்டு படங்களும் கிடைக்கும்.

பெரிய ஆபத்து பகுப்பாய்வில் இருக்கிறது. கறுப்பு நிறம் என்றால் மன அழுத்தம், கை இல்லாத உருவம் என்றால் இயலாமை என்று படித்துவிடும் பழக்கம். மற்ற கிரேயான்கள் உடைந்திருக்கலாம், கட்டில் உண்மையிலேயே கறுப்பாக இருக்கலாம். 5 முதல் 11 வயதுக்கான, மருத்துவமனைப் படங்களை மதிப்பெண் போட்டு அளக்கும் முறை ஒன்று 1999 முதல் உண்டு. அது பதற்றத்தை அளக்கிறது, பயிற்சி பெற்றவர் மதிப்பிட வேண்டும். அனுபவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் குழந்தை சொன்னதைப் பகுத்தாராயுங்கள், படத்தை அந்தப் பேச்சுக்குத் துணையாக வையுங்கள். அசல் படம் குழந்தையுடையது. புகைப்படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடலாம்.

படங்களைப் பிரித்து வைப்பது

வலது கையில் வென்ஃபிளான் உள்ளவர்கள், வரைய வெட்கப்படுகிறவர்கள், 4 வயதுக் குழந்தைகள் ஆகியோருக்கு இதுவே மாற்று. குழந்தையிடமே கேமரா கொடுக்கும் முறை உலகில் பிரபலம். நம் பொது வார்டில் அது ஓடாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் வேறொரு நோயாளி படத்தில் விழுவார், ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்க முடியாது.

அதற்குப் பதில் ஆளில்லாத இடங்களையும் பொருள்களையும் நீங்களே, டீன் அனுமதியோடு, படமெடுத்து 4-க்கு 6 அளவில் 12 அச்சு போட்டு லேமினேட் செய்யுங்கள்: ஊசி டிரே, டிரிப்ஸ் ஸ்டாண்டு, எக்ஸ்ரே அறைக் கதவு, 108 வண்டி, சாப்பாட்டுத் தட்டு, இரவு வராந்தா, கழிப்பறை, லிஃப்ட், வெளிவாசல். கழிப்பறைப் படத்தைப் பெரியவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். பல குழந்தைகளுக்குப் பேச்சு அங்கேதான் தொடங்கும். மூன்று குவியல்: பிடிச்சது, பிடிக்காதது, ரெண்டும் இல்லை. மூன்றாவது குவியல் இல்லாவிட்டால் கட்டாயத் தேர்வு ஆகிவிடும். குவியலை எண்ணிவிட்டு நிறுத்தாமல் ஒவ்வொன்றும் ஏன் அங்கே போனது என்று கேட்க வேண்டும். குறை ஒன்று: நீங்கள் படமெடுக்காததைப் பற்றிக் குழந்தை பேசாது. ஒரு வெற்று அட்டையைச் சேர்த்து "இதுல இல்லாதது ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் ஓரளவு சரியாகும்.

கவனித்துப் பார்ப்பது

மருத்துவமனையில் குழந்தைகள் படும் பாட்டை உலகுக்கு நம்ப வைத்தது இந்த முறைதான். 1952-இல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன், எட்டு நாள் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் படமெடுத்தார். அழும் காட்சியாகப் பொறுக்கினார் என்று யாரும் சொல்லிவிடாதபடி, முன்கூட்டியே குறித்த நேரங்களில் மட்டும் எடுத்தார். பெற்றோரைப் பார்க்க விடாத அன்றைய விதிகளுக்கு எதிரான வாதத்தில் அந்தப் படம் பெரிய சான்றாகி, 1959-இல் பிரிட்டனில் பிளாட் குழு பெற்றோர் வருகைக்குத் தடை கூடாது என்று பரிந்துரைத்தது. 1970-களில் அமெரிக்க மானுடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளோடு மாதக்கணக்கில் இருந்து கண்டது இன்னொன்று: யாரும் சொல்லாமலே, தாங்கள் பிழைக்கப்போவதில்லை என்பது அந்தச் சின்னக் குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது. பெற்றோருக்காகத் தெரியாததுபோல் இருந்தார்கள். எந்தக் கேள்வித்தாளும் இதை வெளியே கொண்டுவந்திருக்காது.

ராபர்ட்சனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நேரக் கட்டுப்பாடு. இரண்டு மணி நேரத் துண்டுகளாகக் காலை, மாலை, இரவு மூன்று ஷிப்டிலும் முன்கூட்டியே சீட்டுக் குலுக்கி எடுங்கள். பத்து நிமிடம் பாருங்கள், ஐந்து நிமிடம் எழுதுங்கள். கண்டதை இடப்பக்கம், உங்களுக்குத் தோன்றியதை வலப்பக்கம். "குழந்தை பயந்தது" என்பது வலப்பக்கம். "டிரே சத்தம் கேட்டதும் போர்வையைத் தலைவரை இழுத்தது" என்பது இடப்பக்கம். பகல் ஷிப்ட் மட்டும் பார்த்தால் பாதி வார்டைத்தான் பார்த்திருக்கிறீர்கள். இரவில் எந்த விளக்கு எரிகிறது, கட்டிலுக்கடியில் பாய் போட்டுப் படுத்த தாயின் கை குழந்தைக்கு எட்டுகிறதா என்பவை பகலில் தெரியாது.

பேச முடியாத குழந்தைகளின் வலிக்கு ஃபிளாக் அளவுகோலைச் சேர்க்கலாம். முகம், கால், அசைவு, அழுகை, சமாதானமாகும் தன்மை என ஐந்துக்கும் தலா 0 முதல் 2, மொத்தம் 10. இரண்டு மாதம் முதல் ஏழு வயதுவரை. அது வலியின் அளவு மட்டுமே என்பதை மறக்க வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று நாள் எல்லாரும் உங்களுக்காக நடந்துகொள்வார்கள், அந்தக் குறிப்புகளைத் தனியாக வையுங்கள். அதன்பின் வரும் தொல்லை வேறு: "அந்தக் குழந்தையைக் கொஞ்சம் பிடிங்களேன்" என்று ஊசி போடும்போது கூப்பிடுவார்கள். ஒருமுறை பிடித்துவிட்டால் குழந்தைக்கு நீங்களும் ஊசிக் கூட்டம்.

குழுவாகப் பேச வைப்பதை வார்டுக்குள் முயல வேண்டாம். ஒருவருக்கு டிரிப்ஸ், ஒருவருக்குத் தனிமைப்படுத்தல், ஒருவர் காலையில் டிஸ்சார்ஜ். பள்ளியில், வீடு திரும்பிய 10 வயதுக்கு மேற்பட்டவர்கள் 4 முதல் 6 பேரை, ஆண் பெண் தனித்தனியாக உட்கார வைத்தால் நன்றாகப் போகும். உடம்பு சம்பந்தமான வெட்கத்தை மட்டும் அங்கே கேட்காதீர்கள், மறுநாள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும்.

சம்மதம்

எந்த முறையானாலும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் முதலில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 7 வயதுக்கு மேல் குழந்தையின் வாய்மொழி இசைவும், 12-க்கு மேல் எழுத்து இசைவும் தேவை. ஏற்காட்டு உண்டு உறைவிடப் பள்ளி மாணவர் என்றால் விடுதிக் காப்பாளரின் கையெழுத்து பெற்றோர் கையெழுத்துக்கு ஈடாகாது. நாகலூருக்கோ மாரமங்கலத்துக்கோ போய்த்தான் வாங்க வேண்டும். இதற்கென்று தனி நாள்கள் ஒதுக்குங்கள்.

"சரி" என்று ஒருமுறை சொன்னது கடைசிவரை செல்லாது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பது, தாயின் முந்தானையைப் பிடிப்பது, "ம்" மட்டும் சொல்வது எல்லாம் 'போதும்' என்பதுதான். சிவப்பு, பச்சை அட்டை இரண்டைக் கையில் கொடுத்து, சிவப்பைக் காட்டினால் எழுந்து போய்விடுவேன் என்று சொல்லி, ஒருமுறை விளையாட்டாகக் காட்டச் சொல்லி உண்மையிலேயே எழுந்து போய்க் காட்டுங்கள். அப்போதுதான் நம்பும்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் தீங்கு பற்றித் தெரியவந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-இன்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். "உனக்கு ஆபத்துன்னா மட்டும் உதவி பண்றவங்ககிட்ட சொல்லுவேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 கையில் இருக்கட்டும்.

யாருக்கு எது

ஆறு வாரத் தரவுச் சேகரிப்புள்ள முதுநிலை மாணவர்: 7 முதல் 11 வயது, ஒரு வார்டு, 15 குழந்தைகள், வரைந்துகொண்டே பேசுதல், கை முடியாதவர்களுக்குப் பட அட்டை. வழிகாட்டி எண் கேட்டு வற்புறுத்தினால், 110 பேர் கேள்வித்தாளை இதோடு ஒட்டாமல், இந்த 15 பேர் சொன்னதிலிருந்து கேள்விகளை உருவாக்குவதே அடுத்த ஆய்வு என்று முன்மொழிவில் எழுதிவிடுங்கள். இரண்டையும் ஒரே ஆய்வேட்டில் திணித்தால் இரண்டும் அரைகுறை.

தரக் குழு: 2021-இல் ஒன்றிய அரசு தொடங்கிய முஸ்கான் என்ற, அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் சிகிச்சைத் தரத்தை உயர்த்தும் திட்டத்துக்காகவோ வேறு மதிப்பீட்டுக்காகவோ என்றால், உங்களுக்கு வேண்டியது மாற்றக்கூடிய விஷயங்கள். கவனித்துப் பார்ப்பது மூன்று ஷிப்டிலும் தலா நான்கு துண்டுகள், பட அட்டை 20 குழந்தைகளிடம். இரண்டிலும் ஒரே விஷயம் தலைகாட்டினால் அதை முதலில் சரிசெய்யலாம். பார்ப்பவர் அந்த வார்டு ஊழியராக இருக்கக் கூடாது, பக்கத்துத் துறையிலிருந்து ஒருவரை மாற்றிக்கொள்ளுங்கள்.

மலைக் கிராமக் குழந்தைகளின் அனுபவம்தான் கேள்வி என்றால், வார்டில் அவர்கள் பேசுவது குறைவு. சுற்றிலும் பேச்சுவழக்கே வேறு, யாரையும் தெரியாது. வார்டில் ஒருமுறை பார்த்து அறிமுகமாகிப் பட அட்டையோடு நிறுத்திவிட்டு, வீடு திரும்பிய இரண்டு வாரத்துக்குள் ஊரில் போய் வரையச் சொல்வது நல்லது. அதற்கு மேல் தள்ளினால் மற்றவர்கள் சொன்ன கதைகள் நினைவோடு கலந்துவிடும். அங்கேயும் காலத்தைப் பார்க்க வேண்டும். கார்த்திகை முதல் தை வரை காபிப் பழம் பறிக்கும் காலம். பகலில் போனால் வீட்டில் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள், சம்மதக் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவை ஒட்டியும் வேலை நடக்காது. சிக்னல் பல ஊர்களில் நிலையில்லை என்பதால் போனில் நேரம் குறிப்பதை நம்பாமல், டிஸ்சார்ஜ் அன்றே தாயிடம் கிழமையைக் கேட்டு அவர் கண்முன் ஓ.பி. சீட்டின் பின்னால் எழுதிக் கொடுங்கள். ஒரு ஊரில் இரண்டு வீட்டுக்கு மேல் ஒரே நாளில் வைக்காதீர்கள். கடைசி பஸ்ஸுக்கு மணியைப் பார்த்துக்கொண்டே கேட்கும் கேள்விக்குக் குழந்தையும் அதே வேகத்தில்தான் பதில் சொல்லும்.